மழைத் துடைப்பானும் பழுதறியும் முறையும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் என்ஜினையும், வேகத்தையும், வெளிப்பூச்சின் பளபளப்பையுமே எடுத்துப் பேசுவர். முன்கண்ணாடியின்மீது இப்புறமும் அப்புறமும் அசைந்து மழைநீரை வழித்தெறியும் சிறு கோலைப் பற்றி நினைப்பவர் சிலரே. ஆயினும், என்ஜின் நின்றுவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவே. துடைப்பான் நின்றுவிட்டாலோ, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவனுக்குக் கண் மட்டும் இராது. இவ்விரண்டனுள் எது பெரிய அபாயம் என்பதை நம் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

'வைப்பர்' என்று யாவரும் வழங்கும் துடைப்பானும், கண்ணாடியின்மீது நீர் தெளிக்கும் 'வாஷர்' என்னும் கருவியும் பழைய வண்டிகளில் எவ்வாறு அமைந்துள்ளன, அவை பழுதுற்றால் அப்பழுதை எம்முறையால் கண்டறியலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பழுதைத் திருத்துவது கைத்தொழில்; பழுது இருக்கும் இடத்தை அறிவது ஆராய்ச்சி. மாணவர்களாகிய நமக்குப் பின்னதே முதன்மையான பாடமாகும்.

ஊரும் வண்டியும்

இவ்வாராய்ச்சிக்கு ஆழ்வார்குறிச்சியை நிலைக்களமாகக் கொள்வோம். அம்பாசமுத்திரத்திலிருந்து கடையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சாலையில், மேற்குமலையின் அடிவாரத்தில், கடனாநதியின் பக்கத்தே அமைந்தது இவ்வூர். இந்நதி கிழக்கே சென்று திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கின்றது. இப்பகுதிக்கு ஆண்டில் இருவகை மழை உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வருங்கால் நுண்ணிய சாரலாகத் தூவும்; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தாரை தாரையாகப் பொழியும். துடைப்பானுக்கு இவ்விரண்டும் இருவேறு பரீக்ஷைகள் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இவ்வூரின் பெயர் வருவது பொருத்தமே. சென்னையிலுள்ள சிம்ப்ஸன் கம்பெனி 1840-ஆம் ஆண்டில் குதிரை வண்டிகள் செய்யும் தொழிற்சாலையாகத் தோன்றியது. 1903-ஆம் ஆண்டில் அங்கேயே நீராவியால் ஓடும் வண்டி ஒன்று கட்டப்பெற்றது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905–1964) பிற்காலத்தில் அக்கம்பெனியில் சேர்ந்து அதன் தலைவராக உயர்ந்தார். 1938-இல் அமால்கமேஷன்ஸ் என்னும் தொழிற்குழுவை நிறுவியவரும் அவரே. மோரிஸ் வண்டிகளைச் சென்னை மாகாணத்தில் விற்ற அடிசன் கம்பெனியும் அக்குழுவினுள் அடங்கியது. இதே திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரால் விளங்கும் நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூடி 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னையை அடுத்த பாடியில், வைப்பர் மோட்டார் உள்ளிட்ட மின்கருவிகளைச் செய்யலாயிற்று. ஆகவே நாம் ஆராயப்போகும் சிறு மோட்டார் நம் நாட்டுக்கு அயலான பொருளன்று.

துடைப்பானின் பிறப்பும் அதே 1903-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, வண்டிக்குள் இருந்தபடியே ஒரு நெம்புகோலைக் கையால் அசைத்துக் கண்ணாடியைத் துடைக்கும் சாதனத்துக்கு அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் பேடண்ட் உரிமை பெற்றார். அவருடைய சாதனத்தைத் தொழில் நிறுவனத்தார் அக்காலத்தில் மதிக்கவில்லை. அதனால் அவருக்கு வருவாயும் உண்டாகவில்லை. கையால் அசைத்த கோலைப் பிற்பாடு என்ஜினின் உறிஞ்சுவிசை அசைத்தது. அதன்பின் மின்சாரம் அசைத்தது. பழைய வண்டிகளில் இப்பின்னிரு வகைகளையும் காணலாம்.

கண்ணாடி தெளிவாவது எங்ஙனம்?

உறுப்புகளை ஆராயுமுன், துடைப்பான் செய்யும் வேலை யாது என்பதைத் தெளிந்துகொள்ளவேண்டும். அது கண்ணாடியிலுள்ள நீர் முழுவதையும் அகற்றுகிறது என்று பலரும் எண்ணுவர். அஃது அன்று. பெருந்துளிகளை வழித்தெறிந்து, எஞ்சிய நீரை ஒரே சீரான மெல்லிய படலமாகப் பரப்புவதே அதன் வேலை. நீர் ஒரே கனமுள்ள படலமாக நின்றால் ஒளி அதனூடே நேராகச் செல்லும், பார்வை கெடாது. அதே நீர் சிறு சிறு முத்துக்களாகத் திரண்டு நின்றால், ஒவ்வொரு முத்தும் ஒரு கண்ணாடி வில்லைபோல ஒளியைச் சிதறடிக்கும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி ஆயிரம் பொறிகளாகச் சிதறிக் கண்ணைக் கூசச்செய்வது இதனாலேதான்.

சுத்தமான கண்ணாடியில் நீர் தானே படர்ந்து பரவும். எண்ணெய்ப்பசை படிந்த கண்ணாடியிலோ நீர் ஒட்டாது திரளும். சாலையில் முன்செல்லும் வண்டிகளின் புகையும், பூச்சுக்கு மெருகிடும் மெழுகும், கைவிரல்களின் பிசுக்கும் நாள்தோறும் கண்ணாடியில் இப்பசையை ஏற்றிவருகின்றன. ஆகவே, துடைப்பான் சரியாக அசைந்தும் பார்வை மங்கினால், பழுது துடைப்பானில் இல்லை, கண்ணாடியில் உள்ளது என்பது முதல் உண்மை.

இங்கேதான் சாரலுக்கும் பெருமழைக்கும் உள்ள வேற்றுமை விளங்கும். பெருமழையில் நீர் மிகுதி. அது அழுக்கைத் தானே கழுவிச் செல்லும். ரப்பரும் வழுக்கிச் செல்லும். சாரலிலோ நீர் போதாது. கண்ணாடியிலுள்ள புழுதியோடும் பசையோடும் அச்சிறிது நீர் கலந்து சேறாகும். துடைப்பான் அச்சேற்றைப் பூசுமேயன்றித் துடைக்காது. ரப்பரும் பாதி ஈரம் பாதி உலர்ந்த பரப்பில் தடைப்பட்டு அதிரும். சாரற்காலத்தில் துடைப்பானுக்குத் துணையாக நீர் தெளிக்கும் வாஷர் வேண்டுவது இதனாலே. அதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் ஆடி மாதத்தில் தென்காசிச் சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும்.

உறுப்புகள்

மின்சாரத்தால் இயங்கும் துடைப்பானின் உறுப்புகளை வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணுவோம். முதலாவது, கண்ணாடியைத் தொடும் ரப்பர் விளிம்பும் அதனைத் தாங்கும் பிளேடும். இரண்டாவது, பிளேடைக் கண்ணாடியின்மேல் அழுத்தும் ஸ்பிரிங்கோடு கூடிய கை. மூன்றாவது, கையைத் திருப்பும் தண்டும் அதன் பற்சக்கரமும் அடங்கிய சிறு பெட்டி. இதனை வீல் பாக்ஸ் என்பர். நான்காவது, மோட்டாரின் அசைவை அப்பெட்டிகளுக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு. மோரிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வண்டிகளில் இது ஒரு வளையும் எஃகு வடம். அதன்மேல் மற்றொரு கம்பி திருகுசுருளாகச் சுற்றப்பட்டிருத்தலால் பற்களைப் போலச் சக்கரத்தைப் பற்றித் திருப்பும். ஒர்க்ஷாப்பில் இதனை ராக் என்று வழங்குவர். ஐந்தாவது, மோட்டாரும் அதன் கியர்ப்பெட்டியும். ஆறாவது, பியூஸ், சுவிட்சு, கம்பிகள், எர்த் என்னும் மின்பாதை.

இவ்வாறும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். எக்கண்ணி கெட்டாலும் வெளியே தோன்றும் குறி ஒன்றே: துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை. நோய் பல, குறி ஒன்று. ஆதலின் குறியைக் கண்டவுடன் கையில் அகப்பட்ட உறுப்பை மாற்றுவது வைத்தியமன்று. பணத்தை இறைப்பதே ஆகும்.

பாதியாகப் பிரித்தல்

இனி ஓர் உதாரணம் கொண்டு முறையை விளக்குவோம். 1950-களின் பிற்பகுதியிற் செய்த மோரிஸ் மைனர் ஒன்று ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்பதாகக் கொள்வோம். வண்டிக்காரர் மழைநாளில் பாவூர்சத்திரத்துக்கோ தென்காசிக்கோ போகவேண்டும். சுவிட்சைப் போட்டால் வைப்பர் மெதுவாக, தள்ளாடி அசைகிறது. சில வேளை நடுவழியில் நின்றுவிடுகிறது. பழுது எங்கே?

ஆறு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதானால் ஒரு நாள் போய்விடும். அதற்கு மாறாகச் சங்கிலியை இடையிலே பிரித்து, பழுது இப்பாதியிலா அப்பாதியிலா என்று கேட்கவேண்டும். விடை வந்ததும் அப்பாதியை மீண்டும் பிரிக்கவேண்டும். மூன்று சோதனைகளுக்குள் இடம் அகப்பட்டுவிடும்.

முதற் சோதனை: இரு கைகளையும் கண்ணாடியினின்று மடக்கித் தூக்கி நிறுத்தி, சுவிட்சைப் போட்டுப் பார்க்க. துடைப்பான் உடனே விரைவாக அசைந்தால், பழுது ரப்பரிலோ கண்ணாடியிலோ கையின் அழுத்தத்திலோ உள்ளது. முன்போலவே தள்ளாடினால், இவை மூன்றும் குற்றமற்றவை, உள்ளே செல்க.

இரண்டாம் சோதனை: மோட்டாரின் கியர்ப்பெட்டி மூடியைத் திறந்து, ராக்கை மோட்டாரினின்று பிரித்து, மோட்டாரை மட்டும் ஓட்டுக. மோட்டார் தடையின்றி ஓடினால் பழுது ராக்கிலோ வீல் பாக்ஸ்களிலோ உள்ளது. தனியே விட்டும் மோட்டார் முனகினால், அது மோட்டாரிலோ மின்பாதையிலோ உள்ளது.

மூன்றாம் சோதனை: மோட்டார் ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து, பாட்டரியின் அளவோடு ஒப்பிடுக. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பின், மின்சாரம் சரியாக வருகிறது, பழுது மோட்டாருக்குள்ளே. அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. பியூஸ் முனை, சுவிட்சு, எர்த் இவற்றைப் பார்க்க.

இச்சோதனைகளைச் செய்யுங்கால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. உலர்ந்த கண்ணாடியின்மேல் துடைப்பானை ஓட்டலாகாது. புழுதி கண்ணாடியைக் கீறிவிடும். பழைய வண்டிகளில் இக்னிஷன் சாவியைத் திருகினாலன்றி வைப்பர் ஓடாது. என்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை நெடுநேரம் திறந்து வைத்தால் காயில் சூடேறிக் கெடும். அன்றியும், அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாஸிட்டிவ் முனையே எர்த் ஆக இணைக்கப்பட்டிருக்கும். இக்காலத்து வண்டியைப் போல எண்ணிக் கம்பியை மாற்றிவிடாமல் முதலில் அதனைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ரப்பரும் கையும்

பழுது வெளிப்பாதியில் என்று தெரிந்தால், மலிவானதிலிருந்து தொடங்கவேண்டும். கண்ணாடியைச் சோப்பு நீரால் இருமுறை கழுவி, நல்ல நீரால் அலசி, நனைத்த செய்தித்தாளால் தேய்த்துத் துடைக்க. பின் அதன்மேல் நீரை ஊற்றிப் பார்த்தால், நீர் திரளாது படர்ந்து நிற்குமானால் கண்ணாடி சுத்தம். ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் வழித்தெடுக்க. துணியில் கருமை வருவது நிற்கும்வரை துடைக்கவேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை ஊறச்செய்து கெடுக்கும், அவற்றை அண்டவிடலாகாது.

நம் நாட்டில் ரப்பர் தேய்ந்து கெடுவதைவிடக் காய்ந்து கெடுவதே மிகுதி. சித்திரை, வைகாசி வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் ரப்பர் இறுகி, விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும். அவ்வெடிப்பு ஒவ்வொன்றும் கண்ணாடியில் ஒரு நீர்க்கோட்டை விட்டுச்செல்லும். விரலால் மடக்கிப் பார்த்து வெடிப்பு கண்டால் மாற்றுவதே வழி. ஆண்டுதோறும் சாரல் தொடங்குமுன் வைகாசியிலே ரப்பரை மாற்றிவிடுவது நற்பழக்கம்.

ரப்பர் புதிதாயிருந்தும், ஒரு புறம் போகையில் வழுவழுப்பாகவும் மறுபுறம் திரும்புகையில் 'தடதட' என்று அதிர்ந்தும் சென்றால் காரணம் வேறு. ரப்பர் விளிம்பு செல்லும் திசைக்குப் பின்னே சாய்ந்து இழுபட்டு வருதல் வேண்டும். திரும்பும்போது அது மறுபுறம் புரண்டு சாய்தல் வேண்டும். கை சிறிது முறுக்கிக்கொண்டிருந்தால் ரப்பர் புரளாமல் ஒரு திசையில் முன்னே குத்திக்கொண்டு போகும். பிளேடைக் கழற்றிக் கையின் நுனியைப் பார்த்தால் அது கண்ணாடிக்கு இணையாக உள்ளதா என்பது தெரியும். இணையாக இல்லையேல், இரு ஸ்பானர்களால் பிடித்து மெல்லத் திருப்பி நேராக்கலாம். இதற்குக் காசு செலவில்லை, கவனமே செலவு.

ராக்கும் வீல் பாக்ஸும்

பழுது நடுப்பகுதியில் என்று கண்டால், பெரும்பாலும் குற்றவாளி பழைய கிரீஸே. பல்லாண்டுகளாக மாற்றாத கிரீஸ் மெழுகுபோல் இறுகி, வடத்தைக் குழாய்க்குள் பிடித்துக்கொள்ளும். இதனை அளந்தறியவும் வழி உண்டு. கைகளைக் கழற்றிவிட்டு, ராக்கின் முனையில் ஒரு வில்தராசை மாட்டி இழுக்க. லூகாஸ் முறைப்படி, 6 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 2.7 கிலோ, இழுவிசைக்குள் வடம் நகரவேண்டும். அதற்கு மேல் வேண்டுமாயின் வடத்தை உருவி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புதுக் கிரீஸ் பூசித் திரும்பச் செலுத்தவேண்டும். குழாய் எங்கேனும் நசுங்கியோ கூர்மையாக வளைந்தோ இருக்கிறதா என்பதையும் பார்க்க.

ஒரு கை அசைந்து மற்றொரு கை நிற்குமானால் வடமும் மோட்டாரும் குற்றமற்றவை. நிற்கும் கையின் வீல் பாக்ஸிலோ கை பொருந்தும் பற்களிலோதான் பழுது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. பற்சக்கரம் முழுவட்டம் சுழல்வதில்லை. ஒரு சிறு வில்லளவே முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆகவே தேய்வதும் அவ்வில்லிலுள்ள பற்களே. எதிர்ப்புறப் பற்கள் புதியனவாகவே இருக்கும். சக்கரத்தைப் பாதிவட்டம் திருப்பி அமைத்தால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். புது உறுப்பு வாங்கவேண்டியதில்லை. பழைய வண்டிக்கு உறுப்புகள் கிடைத்தல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் இஃது ஒரு பெரும் பேறு. கைகளைக் கழற்றுமுன் அவை நின்ற இடத்தைக் கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது கை எல்லை தாண்டிச் சட்டத்தில் இடியாது.

மின்பாதையும் மோட்டாரும்

மின்பாதையில் முதற்கண் ஐயுறத்தக்கது எர்த். பழைய வண்டியில் மின்சாரம் ஒரு கம்பி வழியே சென்று வண்டியின் இரும்புடல் வழியே திரும்புகிறது. அவ்வுடலில் துருவோ பெயிண்டோ இடைப்பட்டால் மின்சாரத்துக்குத் திரும்பும் வழி அடைபடும். மோட்டாரின் உடலிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்கு ஒரு கம்பியைத் தற்காலிகமாகப் பிடித்துப் பார்க்க. வைப்பர் விரைந்து ஓடினால் பழுது அகப்பட்டது. எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிவிட்டால் போதும். பியூஸ் பிடிக்கும் முனைகளையும் அவ்வாறே தேய்த்துவிடுக.

பியூஸ் எரிந்து போயிருந்தால் அதே அளவுள்ள வேறொன்றை இடலாம். அதுவும் உடனே எரிந்தால், எங்கோ கம்பி உரசுகிறது அல்லது மோட்டார் இறுகிவிட்டது என்று பொருள். அந்நிலையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் மிகக் கொடியது. பியூஸ் எரிவது நோயன்று. நோயை அறிவிக்கும் தூதன். தூதனைக் கொன்றால் அடுத்து எரிவது வண்டியே.

மோட்டாருக்குள் பழுதாயின், கார்பன் என்று வழங்கும் பிரஷ்கள் தேய்ந்துள்ளனவா, காம்யுடேட்டரில் கரி படிந்துள்ளதா என்று பார்க்க. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் காம்யுடேட்டரைத் துடைத்து, தேய்ந்த பிரஷ்களை மாற்றினால் பெரும்பாலான மோட்டார்கள் மீண்டும் உயிர்பெறும். சுவிட்சை அணைத்தபின் கைகள் கண்ணாடியின் நடுவில் நின்றால் அது வேறு வகை. அவற்றை ஓரத்தில் நிறுத்தும் சிறு சுவிட்சு, இவ்வகை லூகாஸ் மோட்டார்களில் கியர்ப்பெட்டியின் மேலுள்ள குமிழ்மூடியில் இருக்கிறது. திருகுகளைத் தளர்த்தி மூடியைச் சிறிது திருப்பினால் கை நிற்குமிடம் மாறும்.

உறிஞ்சுவிசைத் துடைப்பான்

பழைய போர்டு வண்டிகளிலும் அமெரிக்க வண்டிகள் பலவற்றிலும் மோட்டாரே இராது. என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும் குழாயிலிருந்து ஒரு ரப்பர்க்குழாய் வந்து, துடைப்பானின் பெட்டியில் ஒரு தகட்டை இப்புறமும் அப்புறமும் உறிஞ்சி அசைக்கும். என்ஜின் ஓய்ந்து ஓடுகையில் அவ்வுறிஞ்சுவிசை பாதரசக் கம்பத்தில் 18 முதல் 20 அங்குலம்வரை இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாது போகும்.

இதனால் விளையும் விபரீதத்தை நோக்குக. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியே ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் வண்டி, ஏற்றத்துக்காக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அதே கணத்தில் துடைப்பான் சோர்ந்து நிற்கும். இறக்கத்தில் காலை எடுத்தவுடன் தேவைக்கு மேல் பறக்கும். இது பழுதன்று, அமைப்பின் இயல்பு. இயல்பையும் பழுதையும் பிரித்தறிவது பழுதறியும் கலையில் பாதி. என்ஜின் ஓய்ந்து ஓடும்போதும் துடைப்பான் மெலிந்தால் மட்டுமே அது பழுது. அப்போது குழாயைப் பெட்டியினின்று கழற்றி, அதன் வாயைக் கட்டைவிரலால் மூடிப் பார்க்க. விரலைப் பற்றி இழுத்தால் குழாய் நல்லது. பெட்டியினுள் தகட்டின் ஓரம் உலர்ந்திருக்கும். மெல்லிய எண்ணெய் சில துளி விட்டுப் பார்க்கலாம். இழுக்காவிட்டால் குழாயில் வெடிப்பு உண்டு, மாற்றுக. ஏற்றத்தில் ஓட்டுபவர் மழை மிகுந்தால் நொடிப்பொழுது காலைத் தளர்த்தி, கண்ணாடியைத் துடைக்கவிட்டு, மீண்டும் மிதிப்பது அக்காலத்தார் கையாண்ட உபாயம்.

நீர் தெளிக்கும் கருவி

வாஷரின் அமைப்பு எளிது: நீர்க்கலம், அடியில் வடிகட்டி, நீர் திரும்பி வடியாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு, டாஷ்போர்டில் கையால் அழுத்தும் பம்பு, ரப்பர்க்குழாய், கண்ணாடியின் கீழே நுண்துளையுள்ள ஜெட். இங்கும் நடுவிலே பிரிக்கும் முறையே பயன்படும். ஜெட்டுக்கு அருகில் குழாயைக் கழற்றிப் பம்பை அழுத்துக. நீர் பீறிட்டால் அடைப்பு ஜெட்டில். வராவிட்டால், பம்புக்கு முன்னுள்ள குழாயைக் கழற்றி, கலத்திலிருந்து பம்புவரை நீர் ஏறுகிறதா என்று பார்க்க. பலமுறை அழுத்திய பின்னரே நீர் வருமாயின், ஒருவழி வால்வு கசிந்து நீர் ஒவ்வொரு முறையும் கலத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று அறிக.

ஜெட் அடைபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீரே. சுண்ணச்சத்து மிகுந்த கிணற்றுநீரை ஊற்றினால், அது துளையில் உலர்ந்து வெண்பாறையாகப் படியும். கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகளை விடும். ஜெட்டைக் கழற்றி வினிகர் என்னும் காடியில் ஓரிரவு ஊறவைத்தால் அப்படிவு நுரைத்துக் கரையும். இரசாயன வகுப்பில் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமிலம் விட்டுப் பார்த்த மாணவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பின் மெல்லிய பித்தளைக் கம்பியால் துளையைத் துலக்கலாம். தடித்த ஊசியால் குத்தினால் துளை அகன்று நீர் பீறிடாது ஒழுகும். கலத்தில் வடிகட்டிய மழைநீரை நிரப்புவது உத்தமம். அதில் சிறிது சோப்பு நீர் சேர்த்தால் எண்ணெய்ப்பசையும் நீங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று நீர்த்தாரையைக் கீழே தள்ளுமாதலால், நிற்கும் வண்டியில் தாரை கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி ஜெட்டைத் திருப்பிவைக்கவேண்டும்.

பழையதைப் போற்றுதல்

இத்தனை பாடுபடுவானேன், இக்காலத்து வைப்பர் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, தன் பழைய வடிவிலே பேணப்பட்டு வரும் வண்டியே தொன்மை வண்டியாகப் பதிவு பெறும். வடிவைச் சிதைத்துப் புதியனவற்றைச் செருகுந்தோறும் வண்டி தன் பழமையை இழந்துகொண்டே போகும். அதே வேளையில், சாலையில் ஓடும் வண்டிக்கு வேலை செய்யும் துடைப்பான் இருத்தல் வேண்டுமென்பது 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. பழமையையும் காக்கவேண்டும், பார்வையையும் காக்கவேண்டும் என்றால், உள்ள உறுப்பைத் திருத்திக்கொள்வதே நேர்வழி.

அன்றியும் இஃது ஓட்டுபவர் ஒருவருடைய விஷயமன்று. கொட்டகையில் நிற்கும் பழைய வண்டி பார்ப்பதற்கு அழகிய பொருள். சாலையில் இறங்கிவிட்டாலோ அது பிறர் உயிரோடு சம்பந்தப்பட்டது. மழை பெய்யும் மாலைப்பொழுதில் கடையம் சாலையில் குடை பிடித்துப் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளும், வயலிலிருந்து மாடுகளை ஓட்டிவருவோரும், ஓட்டுபவன் தங்களைக் காண்கிறான் என்று நம்பியே நடக்கிறார்கள். பழைய வண்டிகளின் விளக்கொளி மங்கல். பிரேக்கும் இக்காலத்து வண்டிகளைப் போல் உடனே பிடிப்பதன்று. ஆகவே பழைய வண்டி ஓட்டுபவன் மற்றவரினும் முன்னதாகக் காணவேண்டியவன். துடைப்பான் திருந்தாத நாளில் மழை கண்டால் வண்டியை எடுக்காதிருப்பதே அறம். வழியில் நின்றுவிட்டால் ஓரத்தில் ஒதுங்கி மழை விடும்வரை காத்திருப்பதே அறிவு.

நாம் கண்ட முறையைத் தொகுத்துக் கூறின்: முதலில் குறியை உற்று நோக்குக, இயல்பையும் பழுதையும் பிரித்தறிக, சங்கிலியை நடுவிலே பிரித்து எப்பாதியில் பழுது என்று கேட்க, மலிவானதையும் எளியதையும் முன்னே சோதிக்க, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, மாற்றியதன் பயனைப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்க. ஒரே வேளையில் மூன்றை மாற்றினவனுக்கு வண்டி ஓடினாலும், எது நோய் என்பது தெரியாது. அடுத்த முறையும் அவன் இருட்டிலேயே தொடங்குவான். வைத்தியனுக்கும், இரசாயன சாலையில் உப்பைச் சோதிக்கும் மாணவனுக்கும், கணக்கில் பிழை தேடும் குமாஸ்தாவுக்கும் இம்முறை பொதுவானது. சாரல் தொடங்குதற்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஒரு குவளை நீரும் ஒரு துண்டுத் துணியும் எடுத்துக்கொண்டு தம் வீட்டு வண்டியின் முன்கண்ணாடியருகே நின்று இதனைப் பயின்று பார்க்குமாறு நம் மாணவ நண்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.